தூக்கமில்லாத மகளுக்கு

பாளையங்கோட்டை

அன்பு மகளே,

கம்பெனியில் ஆட்களைக் குறைக்கிறார்கள், வீட்டுக்கடன் தவணை கழுத்தைப் பிடிக்கிறது, ராத்திரி கண் மூடுவதில்லை என்று எழுதியிருக்கிறாய். இதெல்லாம் யாருக்கும் வருவதுதான். ஆனால் கடைசியில், "எனக்கு விசுவாசம் இருந்தால் இப்படிக் கவலைப்படுவேனா பெரியம்மா?" என்று கேட்டிருக்கிறாயே, அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் பேசினால் நீயும் அழுவாய், நானும் அழுவேன்.

கவலைப்பட வேண்டாம் என்று பவுல் சொல்வது பிலிப்பியர் நான்காம் அதிகாரத்தில். அது காலண்டரில் வரும். அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை யாரும் காலண்டரில் போடுவதில்லை. பவுல் அப்போது காவலில் இருக்கிறார். பிலிப்பி சபையாரின் உதவியைக் கொண்டுவந்த எப்பாப்பிரோதீத்து வியாதிப்பட்டுச் சாவின் விளிம்புவரை போய்ப் பிழைக்கிறார். அவரை ஊருக்கு அனுப்பினால் தன் துக்கமும் குறையும் என்று பவுலே எழுதுகிறார். கொரிந்தியருக்கு எழுதும்போதும், சபைகளைப் பற்றிய கவலை நாள்தோறும் தன்னை அழுத்துவதாகச் சொல்கிறார். பவுலுக்கு விசுவாசம் இல்லை என்பாயா?

ஜெபிக்கச் சொன்ன பவுலே, துக்கம் குறைய ஆளையும் அனுப்பினார் பார். நீயும் "எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் ஆண்டவரே" என்று மொத்தமாக ஒப்பித்துவிட்டு எழுந்துவிடாதே. தவணை எவ்வளவு, எந்தத் தேதி, யார் முகத்தைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது என்று அப்படியே சொல். அவருக்குத் தெரியும்தான், ஆனாலும் சொல். இந்த மாதம் சம்பளம் வந்ததற்கு நன்றியும் சொல். பிறகு வங்கிக்குப் போய், தவணைக்கு அவகாசம் கிடைக்குமா என்று கேள்.

எலியாவை நினைத்துக்கொள். சாவு கேட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்தவருக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். சாப்பிட்டு மறுபடி படுத்தவரை மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேபுக்குப் பயணம் அதற்கப்புறம்தான். நீ சோறு இறங்காமல் கிடந்துவிட்டு அதற்கு உபவாசம் என்று பெயர் வைக்காதே. தூக்கம் இப்படியே போனால் டாக்டரைப் பார். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் என்னிடம் பேசச் சொல்.

வேலை போகாது என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். கர்த்தர் எனக்கு அப்படி ஒன்றும் சொல்லவில்லை. போனாலும் அவர் உன்னைக் கைவிடமாட்டார், அதை நம்புகிறேன்.

வெள்ளிக்கிழமை வங்கிக்குப் போய்விட்டு வந்து கூப்பிடு. சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடு.

உன் பெரியம்மா