வயிற்று வலி என்று சொல்லாதே, கண்ணு

அரூர்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி நீ போனில் அழுதது இன்னும் காதிலேயே இருக்கிறது. விடுதியில் வலி தாங்காமல் பக்கத்து மெடிக்கலுக்குப் போயிருக்கிறாய். கடையில் நாலு ஆம்பளைகள் நின்றதால் குரலைத் தாழ்த்தி, "அண்ணா, வயித்து வலிக்கு ஒரு மாத்திரை" என்று கேட்டிருக்கிறாய். அவர் நெஞ்செரிச்சல் மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டார். விடிய விடிய சுருண்டு கிடந்தாய்.

கடைக்காரரைத் திட்டினாய். நீ சொன்ன நோவுக்குத்தான் அவர் மருந்து கொடுத்தார், கண்ணு. முப்பது வருஷம் மருந்தாளுநராக இருந்தவள் நான். சித்தேரி மலையிலிருந்து பஸ் பிடித்து வரும் பெண்கள் என் முன்னால் நின்று "தூரம்", "வீட்டு விலக்கு", "அந்த மூணு நாள்" என்று சுற்றிச் சுற்றிப் பேசுவார்கள். சிலர் வாயே திறக்காமல் கசங்கிய பழைய மாத்திரை அட்டையை மட்டும் நீட்டுவார்கள். அது யாருக்கு, எதற்கு எழுதிக் கொடுத்த மாத்திரை என்று அவர்களுக்கே தெரியாது. சொல் சரியாக வந்தால்தான் மருந்து சரியாக வரும்.

முதலில் வலி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள். மாதவிடாயின்போது கருப்பையின் உட்சவ்வு உதிர்கிறது. அப்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து கருப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. அது கூடுதலாகச் சுரப்பவர்களுக்கு வலி இடுப்பிலும் தொடையிலும் இறங்கும். வாந்தியும் பேதியும்கூட வரும். "கல்யாணமானா சரியாப் போயிடும்" என்று உன் ஆயா சொல்வாள். வயது ஏற ஏறப் பலருக்கு வலி குறைவது உண்மைதான். அதற்காக இன்றைய வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டியதில்லை.

ஆயா சொல்வதில் ஒன்றை மட்டும் விடாதே: ஒத்தடம். 2001-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 39 டிகிரி சூடு தரும் பட்டையை அடிவயிற்றில் வைத்திருந்த பெண்களுக்கு, ஐபுபுரொஃபேன் மாத்திரை போட்டவர்களுக்குக் கிடைத்த அளவு நிவாரணம் கிடைத்தது. உனக்குப் பட்டையெல்லாம் வேண்டாம். வெந்நீர்ப் பை போதும். அதுவும் இல்லையென்றால் கல்லுப்பைச் சட்டியில் வறுத்துத் துணியில் முடிந்துகொள். முதலில் உள்ளங்கையில் வைத்துச் சூடு பார். கை தாங்கினால்தான் வயிறு தாங்கும்.

சுக்குத் தண்ணியும் குடிக்கலாம். 2009-ல் வெளியான ஈரானிய ஆய்வு ஒன்றில், கல்லூரி மாணவிகளுக்கு இஞ்சிப் பொடி கொடுத்தபோது அது வலி மாத்திரைக்கு ஈடாகவே வேலை செய்தது. ஆய்வு சிறியதுதான். ஆனாலும் ஒரு டம்ளர் சுக்குக் காபியால் யாருக்கும் நட்டமில்லை.

இனி மாத்திரை. மெஃபனமிக் அமிலம், ஐபுபுரொஃபேன் போன்றவை புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதையே குறைக்கின்றன. அதனால் வலி உச்சிக்கு ஏறிய பிறகு போடுவதைவிட, வலி தொடங்கும்போதே போட்டால் நன்றாகக் கேட்கும். வெறும் வயிற்றில் போடாதே. ரெண்டு வாய் களியாவது சாப்பிட்டுவிட்டுப் போடு. முதல் தடவை டாக்டரைப் பார்த்து உன் வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவை எழுதி வாங்கிக்கொள். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. மெஃபனமிக் அமிலம் அந்த வகைதான். அரிதாக அது கடுமையான ஒவ்வாமையைத் தரும் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்தது. மாத்திரை போட்ட சில வாரங்களுக்குள் காய்ச்சலும் தோல் தடிப்பும் நெறிகட்டுதலும் சேர்ந்து வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடு.

மெடிக்கலில் நின்றதும் நாலு விஷயம் சொல். இது மாதவிடாய் வலி. எனக்கு ஆஸ்துமாவோ அல்சரோ இருக்கிறது, அல்லது இல்லை. இன்னின்ன மருந்து ஏற்கெனவே சாப்பிடுகிறேன். இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளாது. ஆள் கூட்டமாக இருந்தால் தாளில் எழுதி நீட்டு. "மருந்தாளுநர் இருக்காரா?" என்று கேட்கவும் கூச்சப்படாதே. பதிவு பெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையில்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்பது சட்டம். காசு கவலையாக இருந்தால் 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களில் குறைந்த விலையில் கிடைக்கும்.

உன் தலைவலிக்கு வருகிறேன். மாதவிடாய்க்கு ரெண்டு நாள் முன்னால் ஒரு பக்க மண்டை விண்விண்ணென்று தெறிக்கிறது, வெளிச்சம் ஆகவில்லை, குமட்டுகிறது என்றாய். ஈஸ்ட்ரோஜன் சட்டென்று இறங்கும் நாட்களில் இப்படி ஒற்றைத் தலைவலி வருவது உண்டு. பசி, தாகம், தூக்கக் குறைவு மூன்றும் அதைக் கிளப்பிவிடும். காலை பஸ்ஸைப் பிடிக்கப் பட்டினியாக ஓடுகிறாயே, அதை முதலில் நிறுத்து. வலி தொடங்கினால் இருட்டறையில் படு, தண்ணீர் குடி. நெற்றியில் சுக்குப் பற்று போட்டால் எரிச்சலில் வலி கொஞ்சம் மறக்கும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்.

மாத்திரையை மட்டும் எண்ணிப் போடு. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளும், கலப்பு மாத்திரையை 10 நாளும் தொடர்ந்து போட்டு வந்தால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். சளி மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கும். அட்டையைப் படிக்காமல் ரெண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு மீறி ஈரலைக் கெடுக்கும்.

எதற்கும் கட்டுப்படாத வலி, மாதாமாதம் பள்ளிக்கு மட்டம், மணிக்கு ஒரு நாப்கின் நனைவது, ஏழு நாளுக்கு மேல் உதிரம், இவற்றில் எது இருந்தாலும் பெண் டாக்டரைப் பார்த்தாக வேண்டும். திடீரென்று இடிபோல் இறங்கும் தலைவலி, கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறுவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது என்றால் 108-ஐக் கூப்பிடு. சந்தேகம் கேட்க 104 இருக்கிறது. உதிரம் அதிகம் போகிறவளுக்கு ரத்தசோகையும் வரும். பள்ளியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியாக எறியாதே.

ஒரு சின்ன நோட்டுப் போடு. என்றைக்கு உதிரம் தொடங்கியது, என்றைக்குத் தலை வலித்தது, அன்று என்ன சாப்பிட்டாய், எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, கேட்டதா இல்லையா என்று நாளுக்கு ஒரு வரி போதும். மூணு மாசம் எழுதினால் டாக்டரிடம் நீ வாய் திறப்பதற்குள் நோட்டே பாதியைச் சொல்லிவிடும்.

பொங்கல் லீவுக்கு வரும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு வா. உன் அம்மாவை உட்காரவைத்துச் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் சித்தி