எஞ்சின் பேரிங்: கிராங்க்கை அளந்த பிறகு கடைக்குப் போங்கள்

எஞ்சினைப் பிரித்து முழு வேலை பார்க்கும்போது பிஸ்டனுக்கும் ரிங்குக்கும் காட்டுகிற அக்கறையில் பாதியைக்கூடப் பலர் பேரிங்குக்குக் காட்டுவதில்லை. பழைய பேரிங் செல்லின் முதுகில் இருக்கும் எண்ணைக் கடையில் சொல்லி, அதே அளவில் ஒரு செட் வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். பிறகு ஆயில் பிரஷர் விளக்கு எரிகிறது, அடியில் தட்டல் கேட்கிறது, கடைசியில் கிராங்க்கே வீணாகிறது. எந்தப் பேரிங் என்பதை மைக்ரோமீட்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கழற்றிய செல்களை உடனே தூக்கிப் போடாதீர்கள். எந்த சிலிண்டர், மேல் பாதியா கீழ் பாதியா என்று மார்க்கரால் முதுகில் எழுதி வரிசையாக அடுக்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மூன்றடுக்கு செல்லின் சாம்பல் நிறப் பரப்பில் செம்பு நிறம் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் மேல்பூச்சு தேய்ந்துவிட்டது. சுற்றுவாக்கில் கீறல்கள் இருந்தால் ஆயிலோடு மண்ணோ இரும்புத்தூளோ ஓடியிருக்கிறது. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் கன்ராடு வளைந்திருக்கலாம், அல்லது கிராங்க் பின்னில் டேப்பர் விழுந்திருக்கலாம். உலோகம் இழுபட்டு வழிந்திருந்தால் ஆயில் வந்து சேரவில்லை. பம்பையும் ஆயில் துவாரங்களையும் சரிபார்க்காமல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பேரிங்கைப் போட்டாலும் அதே கதிதான்.

அடுத்து கிராங்க். ஒவ்வொரு மெயின் ஜர்னலையும், ஒவ்வொரு கன்ராடு பின்னையும் இரு முனைகளிலும், ஒவ்வொரு முனையிலும் குறுக்காகவும் நெடுக்காகவும் அளந்து எழுதுங்கள். குறுக்குக்கும் நெடுக்குக்கும் வித்தியாசம் வந்தால் ஓவல். முனைக்கு முனை வந்தால் டேப்பர். பல கார் எஞ்சின்களில் இரண்டுக்கும் வரம்பு 0.01 மி.மீ. மட்டுமே. 42.00 மி.மீ. இருக்க வேண்டிய பின், ஒரு திசையில் 41.97, மறு திசையில் 41.93 காட்டுகிறது என்று வையுங்கள். ஓவல் 0.04 மி.மீ. இதில் ஸ்டாண்டர்டு பேரிங் போட வழியே இல்லை. 41.75 அளவுக்கு கிரைண்டிங் செய்து, 0.25 அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டும். பேரிங் செட்டாகவே வரும் என்பதால், ஒரு பின் கெட்டிருந்தாலும் எல்லாப் பின்களையும் அதே அளவுக்குக் கொண்டுவருவதுதான் வழக்கம். மெயின் ஜர்னல்கள் நன்றாக இருந்தால் அவற்றை ஸ்டாண்டர்டிலேயே விடலாம்.

செல்லின் முதுகில் உள்ள எண்ணில் ஒரு குழப்பம் உண்டு. 025, 050 என்றால் மில்லிமீட்டர் கணக்கு. 010, 020 என்றால் பெரும்பாலும் அங்குலக் கணக்கு. 010 என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, அதாவது சுமார் 0.25 மி.மீ. பெட்டியில் உள்ளதையும் செல்லில் உள்ளதையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

கிரைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முன்பே அந்த அளவு பேரிங் கையில் இருக்கட்டும். கிராங்க்கைக் கடைந்த பிறகு செட் கிடைக்காமல் அலைவது வீண் செலவு. புதிய எஞ்சின்கள் பலவற்றுக்கு அண்டர்சைஸே வருவதில்லை. ஸ்டாண்டர்டுக்குள்ளேயே நுண்ணிய தடிமன் வகைகள்தான். சுசூகியின் பல எஞ்சின்களில் கிராங்க்கிலும் பிளாக்கிலும் பொறித்த குறிகளைச் சேர்த்து மேனுவல் அட்டவணையில் பார்த்தால், பச்சை, கறுப்பு, நிறமற்றது, மஞ்சள், நீலம் என ஒரு நிறம் வரும். ஒவ்வொரு ஜர்னலுக்கும் வெவ்வேறு நிறம் அமையலாம். நிறம் பார்க்காமல் வாங்குவது குருட்டாம்போக்கு.

இனி உலோகம். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினுக்கு எஃகு முதுகில் அலுமினியம்–தகரக் கலவை பூசிய இரண்டடுக்குப் பேரிங் நெடுநாள் உழைக்கும். சுமை அதிகமுள்ள டர்போ டீசலுக்குச் செம்புக் கலவை கொண்ட மூன்றடுக்குப் பேரிங்கோ, அதைவிடக் கடினமான ஸ்பட்டர் பூச்சுள்ளதோ வேண்டும். கம்பெனி எதைப் போட்டிருந்ததோ அதிலிருந்து இறங்காதீர்கள். ஸ்பட்டர் செட்டில் கன்ராடு பக்கத்துப் பாதியும் கேப் பக்கத்துப் பாதியும் வேறுவேறு. வெடிப்பின் அடியை வாங்குவது கன்ராடு பக்கத்துப் பாதி என்பதால் அங்கேதான் ஸ்பட்டர் செல் வர வேண்டும். மாற்றிப் போட்டால் சீக்கிரமே போய்விடும்.

பூட்டிப் பார்ப்பதில் அவசரம் கூடாது. செல்லின் முதுகும் அது உட்காரும் இடமும் உலர்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். மெயினில் துவாரமும் பள்ளமும் உள்ள பாதி பிளாக் பக்கம் போகும். பிளாஸ்டிகேஜ் இழையை ஜர்னலின் மேல் நீளவாக்கில் வைத்து, கேப்பை மேனுவல் சொல்லும் டார்க்குக்கு முறுக்கி, கிராங்க்கைச் சுற்றாமல் மறுபடி கழற்றுங்கள். நசுங்கிய அகலத்தை உறையில் உள்ள அளவோடு ஒப்பிட்டால் ஆயில் கிளியரன்ஸ் தெரியும். பெரும்பாலான கார்களில் இது 0.02 முதல் 0.05 மி.மீ. வரை, மேனுவல் சொல்வதே இறுதி. திரஸ்ட் வாஷரைப் போட்டு, கிராங்க்கின் முன்பின் ஆட்டத்தை டயல் கேஜில் பாருங்கள். அதிகமாக இருந்தால் தடித்த வாஷர்.

கிளியரன்ஸ் கூடியிருந்தால் செல்லுக்கு அடியில் காகிதம் வைப்பதும், கேப்பை எமரியில் தேய்ப்பதும், கெட்டியான ஆயில் ஊற்றிச் சமாளிப்பதும் வேண்டாம். காகிதம் வைத்தால் வெப்பம் வெளியேறாது. கேப்பைத் தேய்த்தால் வட்டமே போய்விடும். சரியான அளவு செட்டை வாங்குங்கள், இல்லையேல் அடுத்த அண்டர்சைஸுக்குப் போங்கள்.

வேலை முடிந்ததும் மெயின், கன்ராடு இரண்டின் இறுதி அளவையும் தேதியோடு எழுதி வண்டிச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை எஞ்சினைத் திறப்பவர் முதலில் கேட்கப்போவது அந்தச் சீட்டைத்தான்.