உயிர்வளி

உணவின்றி மனிதன் சில வாரங்கள் உயிர் தாங்கலாம். நீரின்றிச் சில நாட்கள் தாங்கலாம். காற்றின்றிச் சில நிமிடங்கள் தாங்குதலும் அரிது. நூல்வழி அறிந்திருந்த இவ்வுண்மையை மக்கள் 2021ஆம் ஆண்டில் கண்கூடாகக் கண்டனர். கொரோனா நோயின் இரண்டாம் அலை அவ்வாண்டு சென்னையையும் அதன் சுற்றுப்புற ஊர்களையும் தாக்கியபொழுது, மருத்துவமனைகளில் உயிர்வளிக்குப் பெருந்தட்டுப்பாடு நேர்ந்தது. அதனை ஆக்கும் நிலையம் ஒன்று ஸ்ரீபெரும்புதூரில் உளது. அங்கிருந்து பூந்தமல்லி வழியாக நகரை அடைதல் எளிது. எனினும் அண்மையில் கிடைத்தது போதவில்லை. மே மாத நடுவில், மேற்கு வங்கத்துத் துர்காப்பூரிலிருந்து 80 டன் நீர்ம உயிர்வளியைச் சுமந்து சென்னைத் தண்டையார்பேட்டைக்கு ஒரு புகைவண்டி வந்து சேர்ந்தது.

நம்மைச் சுற்றியுள்ள காற்றில் ஐந்தில் ஒரு பங்கு உயிர்வளியே. அங்ஙனமாக, அதனை ஆயிரம் கல்லுக்கு அப்பாலிருந்து கொணர்வானேன் எனும் ஐயம் எழலாம். காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். அதனின்றும் உயிர்வளியைப் பிரித்தெடுத்தல் எளிய செயலன்று. காற்றை அழுத்திக் குளிரச் செய்து நீர்மமாக்குவர். பின் அந்நீர்மம் மெல்ல வெப்பமுறுங்கால், நைட்ரஜன் சுழிக்குக் கீழ் 196 பாகையில் முன்னர் ஆவியாகிப் பிரியும்; உயிர்வளியோ சுழிக்குக் கீழ் 183 பாகையில்தான் கொதிக்குமாதலின் நீர்மமாகவே பின்தங்கும். வெளிர்நீல நிறமுடைய அந்நீர்மத்தின் ஒரு லிட்டர், ஏறத்தாழ 860 லிட்டர் வாயுவாக விரியும்.

இவ்வாயுவைக் கண்டறிந்த பெருமை இருவர்க்கு உரியது. சுவீடன் நாட்டுச் சீலே முன்னரே கண்டிருந்தும் அவர் நூல் 1777இல்தான் வெளிவந்தது. அதற்குள், 1774ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், ஆங்கிலேயரான பிரீஸ்ட்லி சிவந்த பாதரச நீற்றின்மேல் ஆடியால் கதிரவன் ஒளியைக் குவித்து இவ்வாயுவைப் பெற்றார். அதில் மெழுகுத்திரி பன்மடங்கு சுடர்விட்டு எரிந்தது. பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர் இதற்கு ஆக்ஸிஜன் எனப் பெயரிட்டார்; 'அமிலத்தை ஆக்குவது' என்பது அதன் பொருள். எல்லா அமிலங்களிலும் இஃது உண்டென அவர் கருதியது பிழையென்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. உயிர்வளி என்னும் தமிழ்ப்பெயரே பொருளுக்குப் பொருத்தமுடையது.

மூச்சுடன் உட்சென்ற உயிர்வளி நுரையீரலின் நுண்ணறைகளில் குருதியோடு கலக்கின்றது. குருதிச் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் என்னும் இரும்புச் சத்துள்ள பொருள் உளது. அதுவே உயிர்வளியைச் சுமந்து உடலெங்கும் சேர்க்கின்றது. அங்கே உணவுச்சத்து அதனுடன் கூடுதலால் ஆற்றல் பிறக்கின்றது. நோயால் நுண்ணறைகளில் நீர் கோத்துக்கொள்ளின், காற்றிலுள்ள ஐந்தில் ஒரு பங்கு உயிர்வளி போதாது. அப்பொழுதுதான் உருளையின் உதவி தேவைப்படுகின்றது.

உயிர்வளி தானே எரியும் என்று பலர் எண்ணுவர், அது தவறு. பிறபொருள் எரியத் துணைசெய்வதே அதன் இயல்பு. அம்பத்தூர்த் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் இரும்புத் தகட்டைச் சூட்டினால் அறுப்பதைக் காணலாம். முதலில் அசிட்டிலீன் சுடரால் இரும்பைச் செந்நிறமாகக் காய்ச்சுவர். பின் தூய உயிர்வளியைப் பாய்ச்சியவுடன் அவ்விரும்பே எரிந்து பொறியாய்ச் சிதறும். உருளையின் வாயில் எண்ணெய்ப் பசை படலாகாது என அங்குள்ளோர் கண்டிப்புடன் கூறுவதும் இதனாலேயே. மழைநீர் பட்ட இரும்பில் ஏறும் துருவும் அதே உயிர்வளியின் வேலைதான்; அது விரைவு, இது மெதுவு.

நீர்வாழ் உயிர்கட்கும் இஃது இன்றியமையாதது. நம் நாட்டு வெப்பத்தில் ஒரு லிட்டர் ஏரிநீரில் கரைந்து நிற்பது ஏறத்தாழ 8 மில்லிகிராம் உயிர்வளியே. மீனினம் பிழைப்பது அச்சிறு அளவைக் கொண்டுதான். ஏரியிற் கழிவுநீர் கலந்தால், அதனை உண்டு பெருகும் நுண்ணுயிர்கள் அவ்வுயிர்வளியைக் கவர்ந்துகொள்கின்றன. பாசியும் செடியும் பகலில் உயிர்வளியை வெளியிடும். இரவில் ஒளியின்மையால் அவையும் அதனைச் செலவிடும். ஆதலின் விடியற்காலையில்தான் நீரில் அது மிகக் குறைகின்றது. கெட்டுப்போன ஏரியில் அந்நேரத்தே மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாய் திறந்து தவிக்கும். கதிரவன் எழுமுன் அவற்றுட் பல இறந்து கரையொதுங்கும்.