சிவப்பு மை பட்ட சொல்

ஐந்தாம் வகுப்பில் "வெள்ளன எழுந்தேன்" என்று கட்டுரை எழுதினேன். அதைச் சிவப்பு மையால் அடித்து, "அதிகாலை" என்று திருத்தினார்கள். ஆடலூர்க் காபித் தோட்டத்தில் வேலை செய்யும் என் தாயாரின் சொல் அது. அவர் பேச்சே பிழையோ என்று அன்று வெட்கப்பட்டேன்.

மொழியியல் அறிவை மொழி கற்பித்தல், அகராதி, மொழிபெயர்ப்பு முதலியவற்றுக்குப் பயன்படுத்துவதே பயன்பாட்டு மொழியியல் ஆகும். கற்போரின் பிழைகள் அவர்கள் கற்கும் வழியைக் காட்டும் சான்றுகள் என்று 1967-இல் பிட் கார்டர் எழுதினார். 1969-இல் மைசூரில் தோன்றிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் பழங்குடி மொழிகளுக்கும் இலக்கணங்கள் வெளியிட்டது.

எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். தாவரவியல் படித்தாலும், முதுகலையில் மொழியியல் பயின்று ஆய்வேடு எழுத விழைகிறேன். "மலைத் தமிழ்" என்பது ஓர் ஆய்வேட்டில் அடங்காது. "ஆடலூர் ஐந்தாம் வகுப்புக் கட்டுரைகளில் வீட்டுச் சொற்கள்" என்பது அடங்கும். ஒப்புதல் பெற்றுக் கட்டுரைகளைத் திரட்டுதல், எழுத்துப்பிழையையும் வட்டாரச் சொல்லையும் தனித்தனியே எண்ணுதல், பொருளைப் பிள்ளைகளிடமே கேட்டல், ஆசிரியர்களுக்குச் சொற்பட்டியல் தருதல் ஆகியவை அதன் படிகள். செடிகளைத் திரட்டி வகைப்படுத்திய பழக்கம் இதற்கும் உதவும்.

நண்பர்களே! ஆய்வுப் பொருளைத் தேடித் தொலைவு செல்ல வேண்டா. உங்கள் பழைய கட்டுரை ஏட்டில் சிவப்பு மை பட்ட இடங்களைப் பாருங்கள்.