ஓர் இல்ல ஆய்வும் என் வகுப்பறையும்

வயது வந்த அறிவுசார் குறைபாடுடையோர் தங்கியிருக்கும் இல்லம் ஒன்றை ஆய்வு செய்யச் சென்ற குழுவில், சிறப்புப் பயிற்றுநர் என்ற முறையில் நானும் இருந்தேன். பள்ளி வயதுப் பிள்ளைகளோடு மட்டுமே பழகிய எனக்கு அது புதிய அனுபவம். நாற்பது ஆண்கள் தங்கியிருந்த அந்த இல்லத்தில் ஒரு பகல் முழுவதும் இருந்தோம். அங்கு நான் கற்றதைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன். "இல்லங்களைப் பார்ப்பது நலத்துறையின் வேலை, பள்ளிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று உங்களுக்குத் தோன்றலாம். போவதற்கு முன் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பெயரில் தெளிவு

அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய் ஆகிய மூன்றையும் நம்மில் பலர் குழப்பிக்கொள்கிறோம். வாசிப்பதிலும் எழுதுவதிலும் கணக்கிலும் மட்டும் தடுமாறும் குழந்தைக்கு இருப்பது கற்றல் குறைபாடு. புரிந்துகொள்ளுதல், அன்றாட வேலைகளைச் செய்தல் ஆகியவற்றில் சிறுவயது முதலே இருக்கும் பரவலான பின்னடைவு அறிவுசார் குறைபாடு. மனநோய் எந்த வயதிலும் வரலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இம்மூன்றையும் தனித்தனியாகவே குறிப்பிடுகிறது.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்து 28 பேர் இறந்தது நினைவிருக்கும். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் தப்ப முடியவில்லை. அவர்கள் மனநோய்க்காகக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். ஆனாலும் பூட்டிய கதவுக்குப் பின்னால் நடப்பதை வெளியார் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்ற பாடம் எல்லா இல்லங்களுக்கும் பொருந்தும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்று இல்லாமல் மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனத்தை யாரும் நடத்தக் கூடாது. 5ஆம் பிரிவு, சமூகத்தோடு சேர்ந்து வாழ்வது அவர்களின் உரிமை என்கிறது. கொடுமை நடப்பதாக நம்பக் காரணம் இருந்தால் யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் தகவல் தரலாம் என்கிறது 7ஆம் பிரிவு. 2007இல் இந்தியா ஏற்று உறுதிசெய்த ஐ.நா. உடன்படிக்கையின் 16ஆம் உறுப்பு, மாற்றுத்திறனாளிகளுக்கான எல்லா அமைப்புகளையும் சுதந்திரமான அதிகாரிகள் கண்காணிக்க வேண்டும் என்கிறது. ஆகவே ஆய்வு என்பது நிறுவனத்துக்கு நாம் கொடுக்கும் தொல்லை அல்ல, அங்கே வாழ்பவரின் உரிமை.

பதிவேடுகள் சொன்னவை

இல்லத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தன. பதிவுச் சான்று சுவரில் தொங்கியது. உணவுப் பட்டியல், மருந்துப் பதிவேடு, எடைப் பதிவேடு, தீயணைப்புக் கருவி என எதிலும் குறை இல்லை. வலிப்பு மாத்திரைகள் பெயர் எழுதிய டப்பாக்களில் தனித்தனியாக இருந்தன. பராமரிப்பாளரான அம்மா ஒருவர், யாருக்கு எந்தப் பக்கம் காது கேட்காது, யாருக்குச் சோற்றைப் பிசைந்து கொடுக்காவிட்டால் புரையேறும் என்று ஏட்டைப் பார்க்காமலே சொன்னார். குறைந்த சம்பளத்தில் அவர் காட்டிய அக்கறையை இங்கே பதிவு செய்தே ஆக வேண்டும்.

"நம்ம குழந்தைங்க எல்லாம் ரொம்ப அமைதி மேடம், ஒரு தொந்தரவும் இல்லை" என்றார் நிர்வாகி. அவர் காட்டிய 'குழந்தை'களில் ஒருவருக்குத் தலை நரைத்திருந்தது.

அந்த வரிசையின் கடைசியில் கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வணக்கம் டீச்சர்" என்றார். பதினெட்டு வயது வரை எங்கள் பகல்நேர மையத்துக்கு வந்த என் மாணவர். அவருக்கு இப்போது வயது 29. தந்தை இறந்ததும் தாயால் தனியே பார்த்துக்கொள்ள முடியாமல் இங்கே சேர்த்திருக்கிறார்கள். வகுப்பில் 'அவன்' என்றே சொல்லிப் பழகிய எனக்கு, 'அவர்' என்று சொல்ல அன்றுதான் நா திரும்பியது.

"இங்கதான் இருக்கியாப்பா? நல்லா இருக்கியா?"

"ஆமா டீச்சர்."

"சாப்பாடு நல்லா இருக்கா?"

"ஆமா டீச்சர்."

குழுவில் இருந்தவர்கள் மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் உறுத்தியது. சற்று நேரம் கழித்துக் கேள்வியைத் திருப்பிப் போட்டேன். "சாப்பாடு நல்லா இல்லையா?"

"ஆமா டீச்சர்."

கேட்கத் தெரிய வேண்டும்

அறிவுசார் குறைபாடுடையோர் பலரிடம் இந்த இயல்பைக் காணலாம். கேள்வி புரியாதபோதும், கேட்பவர் பெரியவராக இருக்கும்போதும் 'ஆமாம்' என்பதே பாதுகாப்பான பதில் என்று அவர்கள் பழகியிருக்கிறார்கள். இரண்டு வாய்ப்புகளை வாயால் சொல்லிக் கேட்டால் கடைசியாகச் சொன்னதையே திருப்பிச் சொல்பவர்களும் உண்டு. ஆகவே 'ஆமாம், இல்லை' என்ற பதிலை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும், வரிசையை மாற்றிக் கேட்க வேண்டும், படங்களைக் காட்ட வேண்டும். முக்கியமாக, பராமரிப்பாளர் அருகில் இல்லாமல் கேட்க வேண்டும்.

என் பையில் வகுப்புக்கான பட அட்டைகள் இருந்தன. நிர்வாகியின் அனுமதியோடு அவரை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனேன். சிரிக்கும் முகம், அழும் முகம் இரண்டையும் தரையில் வைத்தேன். தட்டு, கட்டில், தொலைக்காட்சி, குளியலறை ஆகிய படங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். தட்டும் தொலைக்காட்சியும் சிரிக்கும் முகத்துக்குப் போயின. கட்டில் படத்தை எங்கும் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். குளியலறைப் படத்தை அழும் முகத்தின் மேல் வைத்தார். முகங்களை இடம் மாற்றி வைத்து மீண்டும் கொடுத்தேன். அப்போதும் குளியலறை அழும் முகத்துக்கே போனது.

குளியலறையைப் போய்ப் பார்த்தோம். தளம் சுத்தமாக இருந்தது, ஆனால் கதவு இல்லை. விடியற்காலையில் பத்துப் பத்துப் பேராக வரிசையில் நிற்கவைத்து, குழாயால் தண்ணீர் பீய்ச்சிக் குளிப்பாட்டுவார்கள் என்று பராமரிப்பாளரே விளக்கினார். "ரெண்டு பேர் நாற்பது பேரைக் கிளப்பணுமே, வேற வழி?" என்று கேட்டார். அவர் எதையும் மறைக்கவில்லை, தவறு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எந்தப் பதிவேட்டிலும் இதற்குப் பத்தி இல்லை.

அதன் பிறகு மற்றவையும் கண்ணில் பட்டன. துணிகள் ஒரே குவியலாக இருந்தன, யாருக்கும் 'என் சட்டை' இல்லை. பகல் பணியாளர்கள் வீடு திரும்ப வசதியாக, மாலை ஐந்தரைக்கே இரவுச் சாப்பாடு முடிந்துவிடுகிறது. புகார்ப் பெட்டி சுவரில் இருந்தது, எழுதத் தெரிந்தவர் அங்கே ஒருவர்கூட இல்லை.

இங்கிலாந்தின் பாடம்

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. இங்கிலாந்தில் பராமரிப்பு நிறுவனங்களை ஆய்வு செய்ய 'கேர் குவாலிட்டி கமிஷன்' என்ற தனி ஆணையம் இருக்கிறது. பிரிஸ்டல் நகரின் அருகே இருந்த 'வின்டர்போர்ன் வியூ' என்ற தனியார் மருத்துவமனையில், அறிவுசார் குறைபாடுடையோரைப் பணியாளர்கள் அடித்துத் துன்புறுத்தியதை 2011இல் பிபிசி தொலைக்காட்சி மறைகேமரா மூலம் வெளிக்கொண்டுவந்தது. அங்கு பணியாற்றிய செவிலியர் ஒருவர் முன்பே எச்சரித்தும் ஆணையம் உரிய நேரத்தில் நடவடிக்கை எடுக்கவில்லை. பணியாளர்கள் 11 பேர் 2012இல் தண்டிக்கப்பட்டனர், அவர்களில் 6 பேர் சிறை சென்றனர். ஆணையமும் சட்டமும் இருந்தும் அங்கே வாழ்ந்தவர்களின் குரல் வெளியே வரவில்லை.

இன்று அந்த ஆணையம் ஐந்து கேள்விகளை அடிப்படையாகக் கொள்கிறது. பாதுகாப்பாக இருக்கிறதா? பயன் தருகிறதா? பரிவோடு நடத்துகிறார்களா? ஒவ்வொருவரின் தேவைக்கும் செவிசாய்க்கிறார்களா? நிர்வாகம் சரியாக உள்ளதா? ஆய்வுகளில் இத்தகைய சேவைகளைப் பெற்ற அனுபவமுள்ளவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அறிவுசார் குறைபாடுடைய ஒருவரே ஆய்வுக்கு வந்து, அங்கே இருப்பவரிடம் பேசுகிறார். நம் குழுவில் அப்படி ஒருவர் இருந்திருந்தால், என் பையில் தற்செயலாக இருந்த அட்டைகளை நம்பியிருக்க வேண்டாம்.

என் வகுப்பறை

வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரு கேள்வி என்னை விடவில்லை. கைகட்டி உட்காரவும் பெரியவர்கள் எதைக் கேட்டாலும் 'ஆமா டீச்சர்' என்று சொல்லவும் அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார்? நான்தான். எட்டு ஆண்டுகள் அதைத்தான் 'நல்ல பழக்கம்' என்று முன்னேற்றப் பதிவேட்டில் எழுதினேன். பல் துலக்கவும் பொத்தான் போடவும் பணத்தை அடையாளம் காணவும் கற்றுக்கொடுத்தேன். 'வேண்டாம்' என்று சொல்ல ஒரு நாளும் கற்றுக்கொடுக்கவில்லை. வகுப்பில் யாராவது 'வேண்டாம்' என்றால் அதை அடம் என்றே குறித்தேன்.

சட்டப்படி இலவசக் கல்வி பெறும் உரிமை 18 வயது வரை. அதற்குப் பிறகு நாற்பது, ஐம்பது ஆண்டுகள் அவர்கள் வாழப்போகிறார்கள். "எங்களுக்குப் பிறகு யார்?" என்று ஒவ்வொரு பெற்றோரும் நம்மிடம் கேட்கிறார்கள். அதற்கான முழு விடை நம் கையில் இல்லை. ஆனால் அந்த நாளில் தனக்கு நேர்வதைச் சொல்லத் தெரிந்தவராக அவரை அனுப்புவது நம் கையில் இருக்கிறது.

இப்போது என் மையத்தில் செய்பவை இவை:

1. ஒவ்வொரு நாளும் குறைந்தது மூன்று முறை தேர்வு செய்யும் வாய்ப்பைத் தருகிறேன். எந்தப் பாய், எந்த வண்ணம், முதலில் பாட்டா விளையாட்டா என்று கேட்டு, தேர்வு எதுவானாலும் மதிக்கிறேன்.

2. 'வேண்டாம்' என்பதைச் சொல்லாலோ, கையசைவாலோ, அட்டையாலோ காட்டப் பயிற்சி தருகிறேன். தனிநபர் கல்வித் திட்டத்தில் அதை ஓர் இலக்காகவே எழுதுகிறேன்.

3. கழிவறைக் கதவைச் சாத்துவது, தட்டிவிட்டு நுழைவது, உடை மாற்றும்போது மறைவாக மாற்றுவது ஆகியவற்றைச் சிறு வயதிலேயே பழக்குகிறேன். உதவி தேவைப்படும் பிள்ளையிடமும் "தொடட்டுமா?" என்று கேட்ட பிறகே தொடுகிறேன்.

4. ஒவ்வொருவருக்கும் பெயரோ அடையாளப் படமோ ஒட்டிய பை, தட்டு, துண்டு உண்டு. 'என்னுடையது' என்ற எண்ணம் அங்கிருந்தே வளர்கிறது.

5. மையத்தை விட்டுச் செல்லும்போது 'என்னைப் பற்றி' என்ற சிறு கையேட்டைத் தந்து அனுப்புகிறேன். பிடித்தது, பிடிக்காதது, வலி வந்தால் எப்படிக் காட்டுவார், எப்படிக் கேட்டால் பதில் சொல்வார் என்பவை அதில் இருக்கும். பின்னாளில் அவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் ஆய்வு செய்ய வருபவருக்கும் அது கைகொடுக்கும்.

வகுப்பில் இத்தகைய மாணவர் ஒருவர் இருந்தாலும் போதும், பொதுப்பள்ளி ஆசிரியர்களும் இவற்றைச் செய்யலாம். தனிச் செலவு ஏதும் இல்லை.

மூன்று மாதம் கழித்து

எங்கள் அறிக்கைக்குப் பிறகு மீண்டும் அந்த இல்லத்துக்குச் சென்றோம். குளியலறைக்குக் கதவும் தாழ்ப்பாளும் வந்திருந்தன. வெயில் ஏறிய பிறகு ஒவ்வொருவராகக் குளிக்கிறார்கள். துணிகளில் அடையாள நூல் தைத்திருந்தார்கள். இரவுச் சாப்பாட்டு நேரம் மட்டும் மாறவில்லை. இரவுப் பணிக்கு ஆள் கிடைக்கவில்லை என்றார் நிர்வாகி, நாங்கள் அதைக் குறித்துக்கொண்டோம்.

பராமரிப்பாளர் அம்மாவிடம் ஒரு தொகுதி பட அட்டைகளைக் கொடுத்தேன். முன்பு கையிலேயே வைத்திருந்த கட்டில் படத்தை என் மாணவர் இம்முறையும் எங்கும் வைக்கவில்லை. காரணம் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. மறுபடி போக வேண்டும்.

கிளம்பும்போது, "வரட்டுமாப்பா?" என்று கேட்டேன்.

சற்று யோசித்தார். "வேண்டாம் டீச்சர்" என்றார்.

இன்னும் அரைமணி நேரம் அவரோடு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.