ஏரிக்குள் மாடு இறங்கலாமா?

மேய்ச்சலுக்குப் போகும் மாடுகள் உச்சி வெயிலில் ஏரி, குட்டைகளில் இறங்கி நீர் குடித்து அங்கேயே நின்றுவிடுவது வழக்கம். எருமையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வளர்ந்த மாடு நாளொன்றுக்கு இடும் சாணம் 10 கிலோவுக்குக் குறையாது. அதில் ஒரு பங்கு நேரே தண்ணீரில் விழுகிறது. மாடுகள் மிதிப்பதால் அடிச்சேறு கலங்கி, முன்பே படிந்திருந்த கிருமிகளும் மேலெழும்புகின்றன.

நோயின்றித் தோன்றும் மாட்டின் சாணத்திலும் ஈ. கோலை, சால்மோனெல்லா, காம்பைலோபாக்டர் ஆகிய கிருமிகள் இருக்கலாம். இவை மனிதருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். கைக்குழந்தைகளுக்கு உயிருக்கே ஆபத்து. கழிச்சல் கண்ட இளங்கன்றின் சாணத்தில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிர் ஏராளமாக வெளிவரும். வழக்கமான அளவில் போடும் பிளீச்சிங் பவுடருக்கு இது சாவதில்லை. எலிக்காய்ச்சல் என்று பெயர் இருந்தாலும் அக்கிருமி மாட்டின் சிறுநீரிலும் வெளிப்படுவதுண்டு. காலில் புண் உள்ளவர் அந்நீரில் இறங்கினால் தொற்றிக்கொள்ளும். சினைப்பசுவுக்குக் கருச்சிதைவும் ஏற்படுத்துவதால், மாட்டுக்காரருக்கும் நட்டமே.

மாடு நீரில் இறங்காவிட்டாலும், மேய்ச்சல் தரையில் கிடக்கும் சாணத்தை மழை அடித்து வந்துவிடும். நியூசிலாந்தில் ஹேவ்லாக் நார்த் என்ற ஊரில் 2016 ஆகஸ்டில் பெய்த பெருமழையில், ஆடுகள் மேய்ந்த நிலத்தின் நீர் குடிநீர்க் கிணற்றில் கலந்தது. குளோரின் கலக்காத நீர் அது. சுமார் 14,000 பேர் வாழும் ஊரில் 5,000 பேருக்கு மேல் நோயுற்றனர்.

மாட்டை நீருக்கு விடாமல், நீரை மாட்டுக்குக் கொண்டுவருவதே நல்ல வழி. கரையிலிருந்து தள்ளி, ஏரிக்கு நீர் வழியாத இடத்தில் தொட்டி கட்டி, சுற்றிலும் கல் பாவிவிட வேண்டும். வேலி மட்டும் போட்டால் மேய்ப்பவர்களோடு சண்டைதான் மிஞ்சும். தொட்டி நிறைந்திருந்தால் மாடுகள் பெரும்பாலும் அங்கேயே போகும். எருமைக்கு முங்குவதற்கு, குடிநீருக்குப் பயன்படாத குட்டை ஒன்றை ஒதுக்கலாம். நீரோரம் சில அடி அகலத்திற்கு மேயவிடாமல் கொழுக்கட்டைப் புல்லோ வெட்டிவேரோ வளர்த்தால், அடித்து வரும் சாணத்தில் ஒரு பகுதி அங்கேயே தங்கும். கழிச்சல் கண்ட கன்றுகளைக் கரைப்பக்கமே விடக்கூடாது. எருக்குழியும் வரத்து வாய்க்காலை ஒட்டி இருத்தலாகாது.

இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் ஊருணி நீரைக் குடிப்போர் இன்றும் உண்டு. அவர்கள் நீரைத் தெளியவைத்து, துணியில் வடிகட்டி, நன்கு கொதி வந்தபின் ஒரு நிமிடமேனும் கொதிக்கவிட்டு, ஆறவைத்துப் பருகவும்.