எட்டு வாரம் பொறுங்கள்

மைதானத்துக்குப் புதிதாக நடக்க வருகிறவர்கள் பத்தாம் நாளே, "உடம்புல ஒண்ணும் தெரியலையே சார்" என்று என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். நாற்பது வருடம் பிசியோதெரபி பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

1. எடை மெஷினை விட்டு இறங்குங்கள். முதல் வேலை தொடைக்குள்ளே நடக்கிறது. தசைநாரைச் சுற்றியுள்ள தந்துகிகள் என்ற நுண்ணிய ரத்தக்குழாய்கள் அவ்வளவு குறுகல். சிவப்பணுக்கள் உடம்பை வளைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும். அந்தக் குழாய்கள்தான் பெருக வேண்டும்.

2. கொஞ்சம் மூச்சு வாங்கட்டும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். உழைக்கும் தசையில் ஆக்சிஜன் குறையும்போது வி.இ.ஜி.எஃப். என்ற புரதம் சுரக்கிறது. அதனால் பழைய தந்துகியிலிருந்து புதுக்கிளை முளைக்கிறது. சில இடங்களில் ஒரே குழாய் நெடுக்காகப் பிரிந்து இரண்டாகிவிடும். விரைந்தோடும் ரத்தம் சுவரை உரசுவதும் இதைத் தூண்டுகிறது.

3. எட்டு வாரம் கணக்கு வையுங்கள். ஆண்டர்சன், ஹென்ரிக்சன் என்ற இருவர் இளைஞர்களை எட்டு வாரம் சைக்கிள் மிதிக்க வைத்து, தொடையில் ஊசி போட்டுத் துணுக்குத் தசை எடுத்து எண்ணினார்கள். தந்துகி அடர்த்தி 20 சதவீதம் கூடியிருந்தது. 1977இல் வந்த ஆய்வு. மிதித்தவர்கள் இளவட்டங்கள் என்பதை என் வயதுக்காரர்கள் மறக்க வேண்டாம்.

4. கெண்டைக்கால் வலியை வயசுக்கோளாறு என்று தள்ளாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், முப்பது வருடமாகப் பீடி. நூறடி நடந்தால் கால் இறுக்கிப் பிடிக்கும். காட்டிக்கொள்ளாமல் சினிமா போஸ்டர் படிப்பதுபோல் நின்றுவிடுவார். ஒரே போஸ்டரை எத்தனை நாள் படிப்பது? காலுக்குப் போகும் தமனியில் அடைப்பு. டாக்டர் சரி என்றபின் அவருக்குச் சொன்னது இவ்வளவுதான்: வலிக்கும்வரை நடங்கள், தீரும்வரை நில்லுங்கள், மறுபடி நடங்கள். பீடியையும் விட்டார். மூன்று மாதத்தில் தெருமுனை டீக்கடைவரை நிற்காமல் போனார். அடைப்பு அங்கேயேதான் இருந்தது. எல்லாம் புதுக்குழாய் முளைத்ததால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கிடைத்த ரத்தத்தில் சிக்கனமாகக் காலம் தள்ளத் தசை பழகிக்கொண்டதும் உண்டு.

5. நெஞ்சுவலிக்கு இந்த விதி கிடையாது. உடனே நில்லுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

6. இடையில் விட்டால், சேர்ந்த தந்துகிகளைச் சில வாரங்களிலேயே உடம்பு கலைக்கத் தொடங்கும். ஐப்பசி மழையைச் சாக்கு சொல்லாதீர்கள். வீட்டில் மாடிப்படி இருக்கிறது.